ஜோதி கொச்சிக்குப் போகிறாள்

17 ஜூன் 2025, செவ்வாய்

தேனியில் ஓவிய ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பாடம் எடுக்க வந்திருக்கும் கருத்தாளர் யார் என்று பார்த்தால் — ஜோதிலட்சுமி! கும்பகோணத்தில் ஓவியம் படித்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்தவள். என் சீப்பில் தலை வாரியவள். அவள் மேடையில் மைக்கோடு நிற்கிறாள். நான் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், ‘பூமாரி, ஓவிய ஆசிரியை’ என்று கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருக்கிறேன்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? டீ இடைவேளையில் கேட்டேன். “உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்டி” என்று கன்னத்தைக் கிள்ளினாள். சர்ப்ரைஸாகத்தான் இருந்தது. மத்தியானம் சாம்பார் சாதம் உள்ளே இறங்கவில்லை.

சாயங்காலம் ஒன்று சொன்னாள் பாருங்கள் என்று யாரிடமாவது புலம்ப வேண்டும் போல இருக்கிறது. யாரும் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். “பிள்ளைக தாள்ல நம்ம கை படக் கூடாது. சொல்லிக் குடுக்கணும்னா தனித்தாள்ல போட்டுக் காட்டுங்க. பிள்ளையோட தாள் பிள்ளைக்குத்தான்” என்றாள். மண்டபமே சிரித்தது. சிரிக்காமல்? போட்டி என்று வந்துவிட்டால் பிள்ளை பாதி போடும், மீதியை நாங்கள் போடுவோம். மூக்கு நுனி, நிழல், கடைசியாகக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஓரக்கோடு. அதற்கு ‘ஃபினிஷிங்’ என்று பெயர். அதைச் செய்யாத ஓவிய டீச்சர் இந்த மாவட்டத்தில் இருந்தால் காட்டுங்கள். எங்கள் ஹெச்.எம். அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கப்புகளில் பாதி என் ஃபினிஷிங்கில் வந்தவை. அது ஜோதிக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லும்போது அவள் என் பக்கமே திரும்பவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

18 ஜூன், புதன்

எல்லோரும் அவளோடு செல்ஃபி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

5 ஜூலை, சனி

ஓவிய ஆசிரியர் வாட்ஸாப் குழுவில் ஓர் அறிவிப்பு. ஜனவரியில் கொச்சியில் ஒரு மாத முகாம். பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே தாங்களும் வரைகிறவர்களுக்கு மட்டும். மாவட்டத்துக்கு ஒருவர். அங்கேயே தங்கி வரைய வேண்டும், முடிவில் பெரிய கூடத்தில் கண்காட்சி. விண்ணப்பத்தோடு இந்த வருடம் வரைந்த சொந்தப் படம் மூன்று.

ஹெச்.எம். முத்துராமலிங்கம் சார் மாடிப்படியில் பார்த்ததும், “நீங்க போடுங்க டீச்சர். கப்பு வாங்கிக் குடுக்குற கையி, கெடைக்காமயா போகும்?” என்றார்.

எனக்கு இது வேண்டும். இவ்வளவு பச்சையாக எதையும் நான் கேட்டதில்லை. படித்து முடித்த பிறகு ஒரு சுவரிலும் என் படம் தொங்கியதில்லை. சுவரிலேயே எழுதியது நிறைய உண்டு — திருவள்ளுவர், வைட்டமின் அட்டவணை, இந்திய வரைபடம், ‘இங்கே குப்பை கொட்டாதீர்’. ஆண்டு விழாச் சான்றிதழில் பெயர் எழுதுவதும் நான்தான். மேடைக்கு தெர்மாகோல் அன்னம் வெட்டுவதும் நான்தான். என்னை டிராயிங் டீச்சர் என்று ஊரே கூப்பிடுகிறது. ஓவியர் பூமாரி என்று ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

ஜோதி போன் செய்தாள். “ரெண்டு பேரும் போடுவோம்டி. யாருக்குக் கெடைச்சாலும் சந்தோசந்தான?”

யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷமாம். கிடைத்துவிடும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

26 ஜூலை, சனி

ஆடிச் சனிக்கிழமை. வீட்டுக்காரரோடு குச்சனூர் கோயிலுக்குப் போயிருந்தேன். சரியான கூட்டம். எள் விளக்குப் புகையில் கண் எரிந்தது. ஜோதிக்குக் கிடைக்கக் கூடாது என்று சாமியிடம் கேட்க முடியுமா? கேட்கவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று சனீஸ்வரனுக்குத் தெரியாதா என்ன.

“என்னத்தக் கும்புட்ட, இம்புட்டு நேரம்?” என்று அவர் கேட்டார்.

“நம்ம தெராச்சைக்கு நல்ல வெல கெடைக்கணும்னு.”

மனுஷர் நெகிழ்ந்துபோய் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

9 ஆகஸ்ட், சனி

முதல் படம் முடிந்தது. எங்கள் திராட்சைப் பந்தல். தினமும் பார்க்கிற பந்தல், கல்யாணமாகி இந்த ஓடைப்பட்டிக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிற பந்தல். பின்னால் மலை, மேலே வெயில், வரிசையாகக் குலைகள். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு உட்கார்ந்து போட்டேன்.

அவர் மருந்து டிரம்மை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். நல்ல மனசோடுதான் பார்த்தார். “அருமையா இருக்கு. கீழ மட்டும் ஒரு வாசகம் எழுதிட்டா வெவசாய ஆபீஸ்ல ஒட்டிருவாக.”

10 ஆகஸ்ட், ஞாயிறு

வாசகம் எழுதணுமாம்.

23 ஆகஸ்ட், சனி

இரண்டாவது படம். பழம் பறிக்கிற பெண்கள். தலையில் துண்டு, கையில் கத்தரி, கால் பக்கம் பிளாஸ்டிக் பெட்டி. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நாலு பேரும் சிரிக்கிறார்கள்! யார் சிரிக்கச் சொன்னது? கருத்தம்மாள் அக்கா பழம் வெட்டும்போது ஒரு நாளாவது சிரித்திருக்கிறதா? நாள் முழுக்க அண்ணாந்து நின்று பிடரி பிடித்துக்கொண்டு, யாரையாவது வைதுகொண்டேதான் வெட்டும்.

படத்தைக் கிழித்துவிட்டு இன்னொரு தாளில் ஆரம்பித்தேன். அதிலும் சூரியனுக்குக் கதிர் வரைந்திருக்கிறேன். கோடு கோடாக, ஆறாம் வகுப்புப் பிள்ளை வரைகிற மாதிரி. என் கை தானாகப் போய் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஓரக்கோடு போடுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் பிள்ளைகளின் போட்டிப் படத்துக்கு ஃபினிஷிங் கொடுத்துக் கொடுத்து, என் கையே போட்டிக் கையாகிவிட்டது. அழுகிற பூமி உருண்டை, இரண்டு கைக்கு நடுவில் செடி, பாதி பச்சை பாதி பட்டுப்போன மரம் — இதைத் தவிர என் கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை. நான் பிள்ளைகளைக் கெடுத்தேனா, பிள்ளைகள் என்னைக் கெடுத்தார்களா? நடுவர்கள் கெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதுதான் வசதி.

30 ஆகஸ்ட், சனி

போகாமல் இருந்திருக்கலாம். புத்தி கெட்டுப்போய் ஜெயமங்கலத்துக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். படத்தைப் பார்த்துவிட்டுக் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். உண்மையை இங்கேயாவது எழுதுவோம்.

மூன்றும் பள்ளிக்கூட மேசைகள். மேலேயிருந்து பார்த்த மாதிரி, வெறும் மேசைப் பலகை. பிள்ளைகள் காம்பஸ் முள்ளால் கீறிய பேர்கள், மைக்கறை, ஒட்டிப்போன சூயிங்கம், யாரோ யாருக்கோ போட்ட ஹார்ட்டின். அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றிலும் மனிதர் இல்லாமலே ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்தது. கோடு எல்லாம் கோணல். அழகான கோணல். கல்லூரியில் அவளால் இப்படி ஒரு கோடு போட முடியாது. அப்போது என் கோடுதான் கோடு. நான் சொல்லவில்லை, எங்கள் வாத்தியாரே சொல்வார்.

“எப்படிடி இந்தக் கோடு வந்துச்சு?”

“ஏழாம் வகுப்புல ஒரு பிள்ளை இருக்கா, அவ போடுறதப் பாத்துப் பாத்து வந்துச்சு. என்னால அவ அளவுக்கு இன்னும் வரல.”

ஓரிடத்தில் குறை கண்டுபிடித்தேன். இரண்டாவது படத்தில் மரத்தின் பழுப்பு கொஞ்சம் அதிகம். அதைச் சொன்னேன். “ஆமாடி, நீ சொன்னது சரிதான்” என்று உடனே ஒத்துக்கொண்டாள். அதுவும் பிடிக்கவில்லை. வாதாடியிருக்கக் கூடாதா?

பஸ்ஸில் வரும்போது வயிறு நிஜமாகவே எரிந்தது. அவள் வைத்த கருவாட்டுக் குழம்பு என்று நினைத்துக்கொண்டேன். குழம்பும் நன்றாகத்தான் வைக்கிறாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

மூன்று படங்களையும் அனுப்பிவிட்டேன். பந்தல், பழம் பறிக்கும் பெண்கள், சுருளி அருவி. அருவியில் வானவில் போட்டிருக்கிறேன். ஏன் போட்டேன்?

14 அக்டோபர், செவ்வாய்

ஜோதிக்குக் கிடைத்துவிட்டது.

குழுவில் பூங்கொத்து பூங்கொத்தாக விழுகிறது. நானும் ஒன்று போட்டேன். முதல் ஆளாகப் போட்டேன், யாரும் எதுவும் நினைக்கக் கூடாது என்று.

அவளே போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுத்து, கத்திச் சந்தோஷப்பட்டேன். “உனக்குக் கெடைச்சா எனக்குக் கெடைச்ச மாதிரிடி” என்றேன். அப்படி ஒரு வசனம் என் வாயில் இருந்தது எனக்கே தெரியாது. போனை வைத்த பிறகு தொட்டியில் பாத்திரம் எல்லாம் அவ்வளவு சத்தமாக விழுந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவளுக்கென்ன — புருஷன் சமையல் செய்கிறார், அரசாங்கப் பள்ளி, ஹெச்.எம். பொம்பளை. எனக்கு அப்படியா? இல்லை, இதெல்லாம் சாக்கு. அவ படம் நல்லா இருக்கு, என் படம் நல்லா இல்ல. அவ்வளவுதான். அதுதான் தாங்கல.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அவள் அனுப்பிய வாழ்த்துப் படத்தையும் அவளே வரைந்திருக்கிறாள்.

15 நவம்பர், சனி

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவட்ட ஓவியப் போட்டி, தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கள் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பு திரிஷாவைக் கூட்டிப் போனேன். தலைப்பை அங்கேயே கொடுப்பார்கள். இந்த முறை ‘எங்கள் ஊர்’. பிள்ளைகள் பந்திக்கூடத்தில் சாப்பாட்டு மேசைகளில் உட்கார்ந்து வரைய வேண்டும். ஆசிரியர்கள் உள்ளே போகக் கூடாது.

உள்ளே போகக் கூடாது என்றால் ஜன்னலுக்குப் போவோம். இது எங்கள் வழக்கம். கம்பிக்கு வெளியே நின்று ஆளுக்கொரு சைகை. காதைத் தொட்டால் ஓரக்கோடு, தலையைத் தடவினால் வானத்துக்கு நீலம் போதாது, கையை அகலமாக விரித்தால் மரத்தைப் பெரிதாக்கு. வருடாவருடம் முதல் ஜன்னல் என்னுடையது. இன்று பஸ் தாமதம். போய்ச் சேர்ந்தபோது எல்லா ஜன்னலிலும் ஆள். சண்முகராஜ் மாஸ்டர் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறார், மலையைச் சொல்கிறாராம்.

நாலாவது ஜன்னலில் கத்தரிப்பூ நிறச் சேலை. தெரிந்த முதுகு. ஜோதி!

பிள்ளை தாளில் கை படக் கூடாது என்று மைக்கில் முழங்கிய ஜோதிதான். குதிகாலைத் தூக்கிக்கொண்டு, கம்பிக்குள் கையை முழங்கை வரை விட்டு, அங்கிருந்து ஒரு பிள்ளைக்கு விரலால் எதையோ போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுத? கொச்சிக்கே டிக்கெட் கிடைத்த மாதிரி இருந்தது. போனில் படம் எடுக்கலாமா என்று கையைப் பைக்குள் விட்டேன். யாராவது பார்த்தால் அசிங்கம். அப்புறம்தான் யோசனை வந்தது. வரைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஓவிய டீச்சர் ஏதோ வரைகிறாள் என்று போய்விடுவார்கள். திரிஷாவுக்குக் கொண்டுவந்த உபரித் தாளையும் ஒரு கறுப்பு கிரேயானையும் எடுத்தேன். வேப்பமரத்தடியில், கவிழ்த்து வைத்திருந்த சமையல் அண்டா மேல் உட்கார்ந்தேன். அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அவள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

முதலில் அவள் குதிகால். செருப்பு கீழேயே நின்றுவிட்டது, கால் மட்டும் மேலே வந்திருந்தது. வெடிப்பு. அடுத்து தோள்பட்டையில் குத்திய ஊக்கு. கம்பிக்குள் போன கை. அந்தக் கை சரியாக வரவேண்டுமென்றால் பக்கத்து ஜன்னல் வேண்டும், அதனால் பக்கத்து ஆளையும் போட்டேன். அவருடைய வழுக்கை. அதற்குப் பக்கத்தில் இடுப்பில் குடையைச் செருகியிருந்த ஞானசெல்வி டீச்சர். ஒவ்வொருவர் பிடரியும் உள்ளே இழுக்கிற மாதிரி நீண்டிருந்தது. ஒரு முகம்கூடத் தெரியவில்லை, எல்லாம் முதுகுதான். ஆனால் எல்லோருக்கும் உள்ளே போய் உட்கார்ந்து வரைய வேண்டும் போல இருந்தது, அது முதுகிலேயே தெரிந்தது. ஓரக்கோடு போடத் தோன்றவே இல்லை. கிரேயான் தேயத் தேய, அதன் காகிதத்தை உரித்து உரித்துப் போட்டேன்.

மணி அடித்தபோதுதான் திரிஷா ஞாபகம் வந்தது!

வெளியே வந்தவள், “டீச்சர், உங்கள எல்லா சன்னல்லயும் தேடுனேன். காணோம். அப்புறம் நானாப் போட்டுட்டேன்” என்றாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் முறுக்கு வேண்டும் என்றாள்.

அவள் படத்தை மேசைமேல் பார்த்தேன். பஸ்ஸைவிட எருமை பெரிதாக இருந்தது. கை துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

17 நவம்பர், திங்கள்

பரிசு இல்லை. “என்ன டீச்சர், இந்த வருசம் இப்பிடிக் கைய விரிச்சிட்டீக?” என்றார் ஹெச்.எம். ஜோதியின் பிள்ளைக்கும் இல்லையாம். அதைக் கேட்டு ஆறுதல்பட்டேன் என்பதை மறைப்பானேன்.

23 நவம்பர், ஞாயிறு

ஜன்னல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அத்தாட்சிக்கு என்று போட்டது. யாரிடமும் காட்டத் தோன்றவில்லை. இது நான் போட்டதா?

6 டிசம்பர், சனி

இன்னும் நாலைந்து முதுகுகள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர். சத்துணவு வரிசை. பந்தலுக்கு அடியில் கையை மேலே தூக்கிக் கொடி கட்டும் அவர். அந்தப் படத்துக்கு அவர் வாசகம் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

ஒன்று மட்டும் மாறவில்லை. ஜோதி கொச்சிக்கு வாங்கிய புது வண்ணப்பெட்டியை வீடியோ காலில் காட்டினாள். அன்று முழுக்க எனக்கு யாரையும் பிடிக்கவில்லை.

28 டிசம்பர், ஞாயிறு

ஜோதி வந்திருந்தாள். புதன்கிழமை கிளம்புகிறாள், சொல்லிக்கொண்டு போக வந்தாள். பெரியகுளத்து மாம்பழ ஜாம் ஒரு பாட்டில், எனக்கு ஒரு தூரிகை.

பழப்பெட்டி அடுக்கியிருக்கும் உள்ளறையில்தான் படங்களைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். அவள் வருகிறாள் என்று காலையிலேயே தெரியும். எடுத்து வைக்க நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் பார்க்க வேண்டும்.

கை கழுவப் போனவள் திரும்பி வரவில்லை. டீயை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“நாலாவது சன்னல்ல நிக்கிறது நானா?”

“ஆமா.”

“கை படக் கூடாதுன்னு மைக்ல சொல்லிட்டு...” கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “என்னைய அசிங்கப்படுத்தணும்னு போட்டியா பூமா?”

எப்படியோ உண்மை வந்துவிட்டது. “ஆரம்பிக்கும்போது அதுக்குத்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் அது மறந்துபோச்சு.”

அவள் மற்றப் படங்களுக்கு நகர்ந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வரவில்லை. கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். டீயில் ஆடை படர்ந்தது. மன்னிப்புக் கேட்கலாமா? கேட்க மாட்டேன் போ. கேட்கணுமோ?

அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். வழி நெடுக ரேஷன் கடையைப் பற்றிப் பேசினோம். தூரத்தில் பஸ் தெரிந்ததும்தான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நான் கொச்சிக்குப் போறது உனக்கு வயித்தெரிச்சல்னு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் வாராவாரம் போன் போட்டுச் சொன்னேன். வண்ணப்பெட்டியவும் அதுக்குத்தான் காமிச்சேன்.”

நான் பஸ்ஸைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“இன்னைக்கு உன் வீட்டுல நின்னு எனக்கு எரிஞ்சுச்சு பாரு, ஆத்தாடி! நானும் அங்கனதான நின்னேன்? அந்தச் சன்னல்லதான நின்னேன்? எனக்கு ஏன்டி அது கண்ணுல படல?”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். நான் கையை ஆட்டினேனா என்று நினைவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. எத்தனை வருடமாக அவளைப் பார்த்துப் பொசுங்கியிருக்கிறேன். ஒரு நாளாவது அவள் முகத்துக்கு நேராக, எனக்குப் பொறாமையாக இருக்கிறதென்று சொல்லியிருக்கிறேனா? அவளுக்கு இன்றைக்குத்தான் வந்தது, பஸ் வருவதற்குள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.